பல்லால் கேட்டவர்

டாம்கே மோட்டார் கம்பெனி தன் ஐம்பதாவது ஆண்டில் ஒரு வரலாற்றுப் புத்தகம் போட்டது. வழவழப்பான தாள், நீல அட்டை, முதல் பக்கத்தில் நிறுவனர் ஹ்யூகோ டாம்கே முறைத்துக்கொண்டிருக்கும் படம். ரோத்ஃபோர்டு ஊரில் அந்தப் புத்தகம் இல்லாத வீடு கிடையாது; அதைப் படித்த வீடும் கிடையாது. நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு சின்னப் படம் இருக்கும். தலை கலைந்த ஒரு மனிதர் மேசைமேல் குனிந்து, ஒரு மரக்குச்சியைப் பல்லில் கடித்தபடி கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். கீழே எழுதியிருப்பது: 'உணவு இடைவேளையில் ஓய்வெடுக்கும் தொழிலாளி.'

ஓய்வாவது மண்ணாங்கட்டியாவது! அந்த மனிதர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் ஆர்வில் லெம்கே. இருபது வருடம் டாம்கே கம்பெனியின் பகல் ஷிப்டில் தயாரான ஒவ்வொரு மோட்டாரும் அவருடைய பல்லைத் தாண்டித்தான் வாசலைத் தாண்டியது. புத்தகம் எழுத சிகாகோவிலிருந்து வந்த ஆளுக்கு அது தெரியாது. தெரிந்தவர்களிடம் அவர் கேட்கவும் இல்லை.

கம்பெனி வரலாறு எழுதுகிறவர்களின் லட்சணமே இதுதான். ஹ்யூகோ டாம்கே 1921-ல் செய்த முதல் மோட்டாரைப் பற்றி 'ஆரம்பகாலத் தொழில்நுட்பச் சவால்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். நடந்தது என்ன என்று ஊரில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். டாம்கே அப்போது பண்ணை பண்ணையாகப் போய் இயந்திரங்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர். பால் கறக்கும் இயந்திரத்துக்குத் தானே ஒரு மோட்டார் செய்தார். செய்தவர் இரண்டு கம்பிகளை மாற்றிக் கட்டிவிட்டார். மோட்டார் தலைகீழாகச் சுற்றியது. பாலை உறிஞ்ச வேண்டிய பம்பு மாட்டின் மடியில் காற்றை ஊதியது. மாடு தொழுவக் கதவையும் பெயர்த்துக்கொண்டு ஓடியதுதான், சாயங்காலம்வரை ஆற்றைவிட்டு மேலே ஏறவில்லை.

அதன்பிறகு டாம்கேயை எங்கே பார்த்தாலும் ஊர்க்காரர்கள், "என்ன ஹ்யூகோ, இன்னைக்கு ஊதுறதா, உறிஞ்சுறதா?" என்று கேட்பார்கள். மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டாவது மோட்டாரை ஒழுங்காகச் செய்தார். கூடவே ஒரு விதியும் வைத்தார்: ஓட்டிப் பார்த்து, காது கொடுத்துக் கேட்காமல் ஒரு மோட்டாரும் வாசலைத் தாண்டக் கூடாது. அந்த மாடு மிரண்டு ஓடியதில்தான் பிற்பாடு ஆர்வில் லெம்கேக்குப் பிழைப்பு கிடைத்தது என்று சொன்னால் தப்பில்லை.

ஆர்வில் 1934-ல் வேலைக்குச் சேர்ந்தபோது வயது இருபத்திரண்டு. வீட்டு உருளைக்கிழங்கு நிலம் அண்ணன்மார் மூவருக்கே காணாது. வார்னிஷ் தொட்டியில் போட்டார்கள். செம்புக்கம்பி சுற்றி முடித்த இரும்புக் கூடுகளை வார்னிஷில் முக்கி எடுத்து, அடுப்பறையில் சுட்டு எடுக்க வேண்டும். கண் எரியும், தொண்டை கமறும், எத்தனை சோப்புப் போட்டாலும் வாடை போகாது. நான்கு வருடம் கழித்து அவரைக் கட்டிக்கொண்ட வெர்னா, மாதாகோயில் வாசலிலேயே சொன்னாள்: "நல்லதாப் போச்சு. உன்னைச் சுவத்துல ரெண்டு தேய்ப்புத் தேய்ச்சா வீட்டுக்கு வார்னிஷ் அடிச்ச மாதிரி ஆயிடும்." ஆர்வில் சிரித்தார். அப்போது அவருக்கு அது காதில் விழுந்தது.

நல்ல காலம் அது. பண்ணைகளுக்கு மின்கம்பி போய்ச் சேர்ந்த வருடங்கள். கம்பி போன ஒவ்வொரு பண்ணையும் ஒரு மோட்டார் கேட்டது, கறவைக்கு ஒன்று, கிணற்றுக்கு ஒன்று. பிறகு போர் வந்தது. கப்பல்களின் காற்றோட்ட விசிறிகளுக்கு மோட்டார் செய்தார்கள். கம்பி சுற்றுவதற்குப் பெண்கள் வந்தார்கள்; ஆண்களின் விரலைவிடப் பெண்களின் விரலுக்குத்தான் கம்பி சொன்னபடி கேட்டது. போர் முடிந்ததும் துணி துவைக்கும் இயந்திரம், நிலவறைத் தண்ணீரை இறைக்கும் பம்பு, குளிர்காலத்துக்கு வீட்டைச் சூடாக்கும் ஊதுகாற்றாடி. ஒரு காலத்தில் எழுநூறு பேர் வேலை பார்த்தார்கள். ஊரே கம்பெனிச் சங்கொலியைக் கேட்டுத்தான் எழுந்தது, சாப்பிட்டது. பிற்பாடு சிகாகோக்காரர்கள் வாங்கி, 1984-ல் இயந்திரங்களை எல்லாம் லாரியில் ஏற்றித் தெற்கே கொண்டுபோய்விட்டார்கள். இன்று அங்கே ஜனங்கள் தங்கள் பழைய சோபாக்களைப் போட்டுவைக்கும் வாடகைக் கிடங்கு இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

ஆர்விலுக்கு முப்பது வயதில் காது மங்க ஆரம்பித்தது. காதுக்குள் ஒரு சின்ன எலும்பு இறுகிப்போகும் நோய் என்று வெகுகாலம் கழித்து ஒரு டாக்டர் சொன்னார். பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது சோதித்துப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். ஆர்வில் ஊரில் வந்து, "தட்டைப் பாதமாம்" என்று சொல்லிவிட்டார். வெர்னாவிடமும் அதையேதான் சொன்னார். அப்போது கைக்குழந்தை வேறு வரப்போகிறது. காது கேளாதவனை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும் என்ற பயம். பயத்தில் சொன்ன பொய், பிறகு அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று.

கம்பெனியில் அது வெளிப்படவே இல்லை. அங்கே இரும்புத் தகடு வெட்டும் இயந்திரங்கள் போடுகிற சத்தத்தில் எல்லாருமே கத்தித்தான் பேசுவார்கள், கத்தினாலும் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார்கள். எல்லாரும் கத்துகிற இடத்தில் ஆர்விலுக்கும் மற்றவர்கள் அளவுக்குக் கேட்டது. அமைதியான வீட்டில்தான் ஒன்றும் கேட்காது. எதிரே உட்கார்ந்து பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளிப்பார். முதுகுக்குப் பின்னால் பேசினால் போயிற்று.

வேறு ஊராக இருந்திருந்தால் ஒரு பெண்டாட்டி ஒரே வாரத்தில் கண்டுபிடித்திருப்பாள். எங்கள் ஊரில் அது முடியாது. இங்கே கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது நோய் இல்லை, ஆண்பிள்ளைத்தனம். அதிலும் லெம்கே குடும்பம்! ஆர்விலின் அப்பா கல்யாணத்தன்று 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னார், அடுத்த வார்த்தை சொல்வதற்குள் செத்துப்போனார் என்று கேலி பேசுவார்கள். ஆகவே வெர்னா அடுப்பைப் பார்த்துக்கொண்டு பத்துக் கேள்வி கேட்டு ஒன்றுக்கும் பதில் வராதபோது, தனக்கு வாய்த்ததும் லெம்கேதானே என்று விட்டுவிட்டாள்.

சோதனை மேசைக்கு ஆர்வில் போனது மான் வேட்டை சீசனில். நவம்பரில் அந்த ஒன்பது நாட்கள் கம்பெனியில் ஈ காக்கை இருக்காது. ஆண்கள் எல்லாம் துப்பாக்கியும் பிராந்தியுமாகக் காட்டுக்குப் போய்விடுவார்கள். ஆர்வில் போகமாட்டார். சருகு ஒடிகிற சத்தம் கேட்காதவன் காட்டில் என்ன செய்ய? "மானைப் பாத்தா பாவமா இருக்கு" என்று சொல்லிவைத்திருந்தார். எங்கள் ஊரில் அதைவிடத் திருடன் என்று பேர் வாங்கியிருக்கலாம்.

1946-ம் வருட மான் சீசன். மோட்டார்களைக் கேட்டுத் தேர்வு செய்யும் கிழவர் கார்ல் காட்டுக்குப் போய்விட்டார். ஃபோர்மேன் ஸ்டான் குஜாவா, ஆர்விலோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த போலந்துக்காரர், வார்னிஷ் தொட்டிக்கு வந்து சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"டேய் லெம்கே, நீதான் மானைச் சுடமாட்டியே. ஒரு வாரம் மோட்டாரையாவது கேளு, வா."

முழங்கை நீளத்துக்கு ஒரு மேப்பிள் மரக்குச்சி. ஒரு முனையை ஓடுகிற மோட்டாரின் பேரிங்மேல் வைத்து, மறுமுனையைக் காதில் வைக்க வேண்டும். நல்ல மோட்டார் என்றால் சாக்கட்டியால் கோடு. கோளாறு என்றால் சிவப்புச் சீட்டு. ஆர்வில் குச்சியைக் காதில் வைத்தார். ஒன்றுமில்லை. அழுத்தி வைத்தார். ஒன்றுமில்லை. வேர்த்துவிட்டது. இன்றைக்கு மாட்டினோம் என்று, வந்த ஆத்திரத்தில் குச்சியை நறுக்கென்று கடித்தார். மறுமுனை மோட்டார்மேல்தான் இருந்தது.

மோட்டார் அவர் மண்டைக்குள் ஓடியது.

நாலு வருடமாக அவர் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. பேரிங்கின் ஒவ்வொரு குண்டும் உருளுவது கேட்டது. கம்பியின் முனகல் தனியாக, தகடுகளின் அதிர்வு தனியாக. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, அடுத்த மோட்டாரைக் கடிக்கப் போனார்.

மத்தியானத்துக்குள் பத்தொன்பது சிவப்புச் சீட்டு. ஸ்டான் ஓடிவந்தார்.

"என்னடா இது, மோட்டாரா, கிறிஸ்துமஸ் மரமா? கார்ல் ஒரு நாளைக்கு ரெண்டு சீட்டுக்கு மேல கட்டினதில்ல!"

"பேரிங்ல மணல் இருக்கு."

"உன் மண்டையிலதான் மணல் இருக்கு."

"பிரிச்சுப் பாரு. இல்லேன்னா என்னைத் தொட்டிக்கே அனுப்பிடு."

பிரித்தார்கள். பேரிங்கில் அடைத்த கிரீஸைத் தொட்டால் நறநறத்தது. யாரோ கிரீஸ் டப்பாவைச் சாணைக்கல் பக்கத்தில் திறந்துபோட்டிருந்தார்கள். ஸ்டான் தலையைச் சொறிந்தார். கார்ல் மான் கொம்போடு திரும்பி வந்தபோது குச்சி ஆர்வில் கைக்கு மாறியிருந்தது. கிழவருக்கு வருத்தமில்லை, நின்று நின்று கால் வலித்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏண்டா குச்சியை வாயில வைக்கிறே?"

"காதுல வச்சா கூசுது."

இருபது வருடம் அந்தப் பதிலே போதுமானதாக இருந்தது. ஆர்வில் சத்தங்களுக்குப் பேர் வைத்தார். தகடு தளர்ந்து ரீங்கரித்தால் அது 'மாமியார்'. விட்டுவிட்டு இழுத்தால் 'பாதிரியார் இருமல்'. உள்ளே உரசினால் 'ஸ்டான் நடனம்'. சீட்டில் அதையே எழுதி அனுப்புவார். சுற்றுகிற பெண்களும் பூட்டுகிற ஆண்களும் அதைப் படித்ததும் எங்கே பிரிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வார்கள். டாம்கே மோட்டார் சத்தமே போடாது என்று நாலு மாநிலத்தில் பேர். அந்த வருடங்களில் ஊரில் யாருக்கும் எதிலும் அவசரம் இல்லை. வெள்ளிக்கிழமை சங்கு ஊதியதும் எழுநூறு பேரும் மீன் வறுவல் சாப்பிடப் போவார்கள், ஒரே விடுதியில் ஃபோர்மேனும் கூட்டுகிறவரும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்காருவார்கள். ஆர்வில் அந்த இரைச்சலின் நடுவில் உட்கார்ந்து எல்லார் பேச்சையும் கேட்டுக்கொண்டிருப்பார். வாரத்திலேயே அவருக்குப் பிடித்த நேரம் அது.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். ஆர்விலுக்குப் பல் போனால் காது போச்சு, வேலையும் போச்சு. ஐம்பது வயது தாண்டியதும் ஈறு கெட ஆரம்பித்தது. கடைவாய்ப் பற்கள் ஒவ்வொன்றாகப் போயின. முன்பற்கள் மேலே நாலும் கீழே நாலும்தான் குச்சியைக் கடிக்க மிச்சம். அவற்றை உப்புத் தண்ணீரும் கிராம்புமாக வைத்து ராஜகுமாரர்களைப்போலக் காப்பாற்றிவந்தார். வீட்டில் ஆப்பிள் கடிக்கமாட்டார், ரொட்டி ஓரம் கடிக்கமாட்டார். மோட்டாரை மட்டும் கடிப்பார்.

அந்தச் சமயம் பார்த்து யூனியன் ஜெயித்துத் தொலைத்தது. 1965-ல் மூன்று வாரம் பனியில் நின்று போராடி, பல் வைத்தியம் முழுக்கக் கம்பெனி செலவு என்று ஒப்பந்தம் வாங்கிவிட்டார்கள். ஊரில் ஒரு கொள்ளைநோய் பரவியதுபோல எல்லாரும் இருக்கிற பல்லை எல்லாம் பிடுங்கிவிட்டுப் பல்செட் மாட்டிக்கொண்டார்கள். அடுத்த ஜூனில் மகள் மார்லிஸுக்குக் கல்யாணம் வேறு. வெர்னா விடுவாளா?

"குஜாவா போட்டுட்டான், அவன் பொண்டாட்டியும் போட்டுட்டா. இந்தத் தெருவுல சொந்தப் பல்லு வச்சிருக்கிறது நீயும் மூலை வீட்டு நாயும்தான். அந்த நாய்க்கு உன்னைவிட நல்ல பல்லு."

"எனக்கு வேண்டாம்."

"கல்யாண ஃபோட்டோவுல சிரிக்க வேணாமா?"

"நான் சிரிக்கல."

"அதைத்தானே இருபத்தெட்டு வருஷமாப் பாக்கிறேன்."

ஏன் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சொன்னால் பல்லில் தொடங்கி, காதில் வந்து, தட்டைப் பாதத்தில் போய் நிற்கும். மே மாதக் கடைசியில், கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஈறு பழுத்து முகம் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. காய்ச்சல் வேறு. வெர்னாவே காரை ஓட்டிக்கொண்டு போய்ப் பல் டாக்டரின் நாற்காலியில் தள்ளினாள். டாக்டர் எட்டையும் பிடுங்கிவிட்டு, அன்றைக்கே பல்செட்டையும் மாட்டி அனுப்பினார். வெர்னா கண்ணாடியைக் காட்டி, "பாரு, மாப்பிள்ளை மாதிரி இருக்கே" என்றாள். ஆர்வில் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை மேசைக்குப் போனார். குச்சியைக் கடித்தார். பல்செட் கடகடவென்று ஆடியது, மோட்டார் எங்கேயோ அடுத்த ஊரில் ஓடுவதுபோல இருந்தது. கெட்டியாகக் கடித்தார், ஈறு வலித்து உயிர் போயிற்று, சத்தம் வரவில்லை. வரிசையில் மோட்டார்கள் வந்துகொண்டே இருந்தன. கண்ணை மூடி, தலையை ஆட்டி, சாக்கட்டியால் கோடு போட்டார். இன்னொன்று. இன்னொன்று. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் கோடு போட்டார். வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. வியாழன் காலை வேலை தொடங்குமுன் ஸ்டான் முன்னால் போய் நின்றார்.

"ஸ்டான், திங்கக்கிழமையிலேர்ந்து நான் பாத்த மோட்டார் ஒண்ணையும் வெளியே விடாதே."

"ஏன்? மாமியாரா, பாதிரியாரா?"

"தெரியாது. எனக்குக் கேக்கல. எனக்குக் காதே கேக்காது, ஸ்டான். பல்லாலதான் கேட்டுக்கிட்டிருந்தேன். பல்லு போச்சு."

"அப்போ இருபது வருஷமா ஒரு செவிடனை வச்சுத்தான் நாம சத்தம் கேட்டிருக்கோமா?"

"ஆமா."

"ஏசுவே!" என்று ஸ்டான் சிரிக்க ஆரம்பித்து, ஆர்வில் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு ரயில் பெட்டியில் ஏற்றியிருந்த முந்நூற்றுச் சொச்சம் மோட்டார்களையும் இறக்கச் சொன்னார். சுமைகாரர்கள் திட்டின திட்டு இருக்கிறதே, அதை எழுத முடியாது. மறுபடி கேட்டதில் பதினொன்று கோளாறு.

"கல்யாணம் முடியட்டும்" என்றார் ஸ்டான். "அதுவரைக்கும் லீவு போட்டுடு. அதுக்கப்புறம் வர்ற திங்கக்கிழமை ரெண்டு பேருமா ஆபீஸுக்குப் போய்ச் சொல்லிடுவோம். வீட்டுக்கு அனுப்ப விடமாட்டேன்டா. ஆனா இந்த மேசை கிடையாது. மறுபடி வார்னிஷ் தொட்டிதான் கிடைக்கும்."

"தெரியும்."

"வெர்னாவுக்குத் தெரியுமா?"

ஆர்வில் பதில் சொல்லவில்லை. இந்த முறை காதில் விழாததால் அல்ல.

ஐம்பத்துநாலு வயதில், இருபத்திரண்டு வயதில் நின்ற அதே தொட்டிக்குப் போவது என்பது அவருக்குச் சாவதுபோல இருந்தது. வேலையின் கஷ்டம்கூடப் பெரிதில்லை. அந்தச் சத்தம் இல்லாமல் எப்படி இருப்பது? ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் உலகம் அவர் மண்டைக்குள் வந்துகொண்டிருந்தது, அது நின்றுபோகும். கல்யாண வேலை நடந்த அந்தப் பத்து நாளும் வீட்டில் பொம்மைபோல நாற்காலி தூக்கினார், மேசை துடைத்தார். வெர்னா ஏதோ சொல்லிக்கொண்டே பின்னால் வந்தாள்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. மாப்பிள்ளை பக்கத்து ஊர்ப் பால்பண்ணைக்காரர் மகன். கையைப் பிடித்தால் எலும்பு நொறுங்கும், மற்றபடி சாது. ஃபோட்டோவில் ஆர்வில் பல் முழுக்கத் தெரியச் சிரித்தார். பிறகு ஊர் மண்டபத்தில் கோழி, பன்றித்தொடை, பீப்பாய் பீர், அக்கார்டியன் பாண்டு. இளசுகள் போல்கா ஆடி ஓய்ந்ததும் மெதுவான ஒரு வால்ட்ஸ் வாசித்தார்கள். வெர்னா வந்து அவர் கையைப் பிடித்து இழுத்தாள். உயரமானவள், அன்று குதிகால் செருப்பு வேறு. ஆடும்போது அவள் கன்னத்து எலும்பு அவருடைய காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் வந்து ஒட்டியது.

மண்டைக்குள் யாரோ அந்த வால்ட்ஸை முனகினார்கள்.

ஆர்வில் ஒரு அடி தப்பி மிதித்தார். முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. எலும்பு! பல்லில் ஒன்றுமே இல்லை, எலும்புதான் எல்லாம். குச்சியைக் காதுக்குப் பின்னால் வைத்து அழுத்தினால் போதும். இருபது வருடம் இந்தச் சின்ன விஷயம் தோன்றவில்லையே, எட்டுப் பல்லைக் கட்டிக்கொண்டு அழுதேனே! வார்னிஷ் தொட்டி, ஆபீஸ், திங்கட்கிழமை எல்லாம் ஒரு நொடியில் கரைந்துபோயின. அவர் நினைத்தபடியேதான் பிற்பாடு நடந்தது. அந்தத் திங்கட்கிழமை ஸ்டான் கண்ணெதிரே குச்சியைக் காதின் பின்னால் வைத்துக் கேட்டு, அப்படியே 1974-ல் ஓய்வு பெறும்வரை கேட்டார். ஆனால் அந்த நிமிடத்தில் அதைக் கொண்டாட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. முனகல் நின்று பேச்சு வந்தது. வெர்னா தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள். பதில் எதிர்பார்க்கிற பழக்கம் அவளுக்கு எப்போதோ விட்டுப்போயிருந்தது, பேசுகிற பழக்கம் விடவில்லை.

"...நல்ல மனுஷன்தான். குடிச்சிட்டு வந்து கத்தினதில்ல, கை ஓங்கினதில்ல. ஆனா அம்மாவைப் புதைச்சிட்டு வந்த அன்னைக்குச் சமையக்கட்டுல பாத்திரம் கழுவிக்கிட்டே கேட்டேன், கொஞ்ச நேரம் எங்கூட உக்காரு ஆர்வில்னு. ஒரே ஒரு தடவதான் கேட்டேன். இவன் கோட்டை மாட்டிக்கிட்டு பௌலிங் ஆடப் போயிட்டான். பதினோரு வருஷமாச்சு, இன்னும் ஆறல. ஆண்டவரே, மார்லிஸுக்கு வந்தவனாவது அவ கேட்டா உக்காரணும்."

ஆர்வில் ஆடுவதை நிறுத்திவிட்டார். நடுக்கூடத்தில் நின்றார். இடித்துக்கொண்டு போனவர்கள், "என்ன கிழவா, பேரிங் இறுகிடுச்சா?" என்று கேலி செய்தார்கள்.

"எனக்குக் கேக்கல, வெர்னா."

"எது கேக்கல?"

"நீ அன்னைக்கு உக்காரச் சொன்னது."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "நான் இப்போ வாய்விட்டா பேசினேன்?"

"எனக்குக் காது கேக்காது. மார்லிஸ் பொறக்கறதுக்கு முந்தியிருந்தே கேக்காது. பட்டாளத்துல திருப்பி அனுப்பினது பாதத்துக்காக இல்ல, காதுக்காக. வேலை போயிடும்னு யார்கிட்டயும் சொல்லல. நீ உக்காரச் சொன்னேன்னு தெரிஞ்சிருந்தா நான் எங்கேயும் போயிருக்கமாட்டேன்."

லெம்கே குடும்பத்தில் எந்த ஆணும் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. வெர்னாவுக்குக் கோபம் வந்தது.

"படுபாவி! இருபத்துநாலு வருஷம்! நான் உன்னைக் கல்லுன்னு நெனச்சேன். கல்லைக் கட்டிக்கிட்டேன்னு எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா?" கையை ஓங்கி அவர் நெஞ்சில் ஒன்று வைத்தாள். இரண்டாவது அடி பலமாக விழவில்லை. அப்படியே அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவள் அழுவது வழக்கம்தானே என்று யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஆர்வில் அவளைச் சுவர் ஓரமாக அழைத்துப்போனார். பீர் பீப்பாய்க்கு அந்தப் பக்கம் இரண்டு மடக்கு நாற்காலிகள் காலியாக இருந்தன. அவளை ஒன்றில் உட்கார்த்தி, இன்னொன்றை ஒட்டினாற்போல இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தலையைச் சாய்த்து, காதுக்குப் பின்னால் இருந்த எலும்பை அவள் கன்னத்தில் வைத்தார்.

"இப்ப சொல்லு" என்றார். "அம்மாவைப் பத்திச் சொல்லு."

வெர்னா மூக்கைச் சிந்தினாள். பாண்டுக்காரர்கள் அடுத்த போல்காவைத் தொடங்கினார்கள். மார்லிஸ் வந்து அப்பாவோடு ஆடக் கூப்பிட்டாள். அவர் கையை மட்டும் ஆட்டி அனுப்பிவிட்டார். அம்மா கடைசி நாட்களில் எதைச் சாப்பிட ஆசைப்பட்டாள் என்பதை வெர்னா சொல்லிக்கொண்டிருந்தாள்.